நானூற்றில் ஒட்டிய பிளாஸ்திரி

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றுதான் நான் முதலில் நம்பினேன். ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்வதற்குக் காரணமா இல்லை? திண்டுக்கல் வெயில் ஒன்று போதும். ஜீப்பின் பின்பக்கம் தண்ணீர்க் கேனுக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவில் கிடந்து வேகிற எந்தப் பொருள்தான் ஒழுங்காக இருக்கும்? இப்படி நானே விளக்கம் கண்டுபிடித்து, அதை நானே ஏற்றுக்கொண்டு, அந்தக் குழாயை உடைந்த நாற்காலிகளோடும் கால் போன மேசைகளோடும் சேர்த்து, அலுவலகத்தில் இனி உதவாது என்று கண்டம் செய்ய ஒதுக்கிய சாமான்களின் மூலையில் கொண்டுபோய்ப் போட்டேன். போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன். பெரிய காரியம் முடித்த திருப்தி.

அந்தக் குழாய் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு சாண் நீளம், வெள்ளை நிறம். பக்கவாட்டில் எண்கள், எண்களின் ஓரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள், நடுவே ஒரு சின்ன முள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயில் வைத்து ஒரே ஊதாக ஊதினால் முள் ஓடிப்போய் ஓர் எண்ணில் நிற்கும். உள்ளே இருக்கும் காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ள முடிகிறது என்பதற்கு அதுதான் கணக்கு. பீக் ஃப்ளோ மீட்டர் என்பது அதன் பெயர். வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர் ஊது டப்பா. அந்தப் பெயர்தான் எங்கள் துறையிலும் நிலைத்தது. இந்த டப்பாவில் நானூறு என்ற கோட்டுக்கு நேராக ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். புண்ணுக்கு ஒட்டுகிற சாதாரண வெள்ளைப் பிளாஸ்திரிதான். பல பேர் கை பட்டு ஓரம் கறுத்துவிட்டது. அதை ஒட்டியவர் எங்கள் பேராசிரியர்.

பேராசிரியர் எங்கள் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்குத் தலைவராக வருவதற்கு முன், இந்த மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பலவற்றைப் பார்த்து முடித்திருந்தார். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அந்த ஊரின் நோய் அவருக்கு ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு நத்தம் என்றால் மாம்பழம். அவருக்கு நத்தம் என்றால் ஒரு மாம்பழ சீசனில் வந்த வயிற்றுப்போக்கு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, உள்ளே மிதந்த காக்கையைக் கண்டு, மேலிருந்தபடியே பஞ்சாயத்துத் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கதையை வகுப்பில் நடித்தே காட்டுவார். நெய்க்காரப்பட்டி என்றால், தடுப்பூசிக்குப் பயந்து பிள்ளையை வைக்கோல் போருக்குள் ஒளித்த ஒரு தகப்பன். "புள்ளைய எடுத்துட்டேன். அப்பனத்தான் வைக்கோலுக்குள்ள இருந்து இழுக்க வேண்டியதாப் போச்சு" என்பார். மாணவர்கள் சிரித்து முடிக்கிற வரை காத்திருந்து அடுத்ததைச் சொல்வார்: "அந்த வருஷம் ஊசி போடாத நாலு வீட்டுல புள்ளைக இல்ல." வகுப்பு அப்படியே அடங்கிவிடும். சிரிக்கவைத்து வாயை மூடவைக்கிற அந்த வித்தை எனக்கு வரவே இல்லை. எனக்கு முதல் பாதி மட்டும்தான் வரும்.

அவர் திண்டுக்கல் நகரத்துக் கத்தோலிக்க ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அக்காவோடு இருந்தார். ஞாயிறு பூசை, திங்கள் மில். இந்த இரண்டையும் அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. காரணம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கிற விதமே தனி. ஒரு மாணவன் தேர்வில், "இந்த நோய்க்குக் காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தான். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "காரணம் தெரியலன்னு எழுதாத. நான் இன்னும் சரியான கேள்வி கேக்கலன்னு எழுது" என்றார். முப்பது வருஷத்து உத்தியோகத்தை அந்த ஒரு வாக்கியத்தில் நிறுத்திவைத்திருந்தார். அது கடைசியில் அவரிடமே திரும்பி வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

இனி என்னைப் பற்றி. நான் துறையில் மருத்துவ சமூகப் பணியாளர். டாக்டர் கிடையாது. டாக்டர்கள் நடுவே உட்கார்ந்திருக்கும் சாதாரண மனிதன். இது எவ்வளவு ஆபத்தான இடம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் எந்த நோயைப் பாடம் நடத்தினாலும் அது மதியத்துக்குள் எனக்கு வந்துவிடும். காசநோய் வாரத்தில் இருமினேன். மஞ்சள் காமாலை வாரத்தில் கண்ணாடி முன்னால் நின்று கண்ணை விரித்து விரித்துப் பார்த்தேன். வெறிநாய்க்கடி வகுப்பு நடந்த அன்று தெருநாய் ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்ததற்கே ஊசி போட்டுக்கொள்ளப் புறப்பட்டேன். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் பேராசிரியர் தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: "என்ன அப்பு, இன்னிக்கு எந்த வியாதி?"

நான் வேலையில் சேர்ந்த புதிதில் இந்த ஊது டப்பாவை என்னிடம் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினேன். முள் சிவப்புப் பட்டையைத் தாண்டவில்லை. எனக்கு அங்கேயே கண் இருட்டியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், சட்டையைக் கூடக் கழற்றாமல், நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளின் படிப்பு, இன்ஷூரன்ஸ், என் அம்மாவின் மருந்து என்று ஒவ்வொன்றாக மனைவியிடம் தழுதழுத்த குரலில் ஒப்படைத்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்ததும், "ஏங்க, சாகுறதுக்கு முன்னாடி கேஸ் சிலிண்டருக்கு மட்டும் புக் பண்ணிட்டுப் போயிருங்க. ஒங்க போன்ல இருந்துதான் அது ஆகுது" என்றாள்.

மறுநாள் பேராசிரியர் என்னை மறுபடி ஊதச் சொல்லி நின்று பார்த்தார். "உதட்ட ஒட்டி ஊதுப்பா. புல்லாங்குழல் வாசிக்கிற மாதிரி கொஞ்சிக்கிட்டு இருக்க. காத்து பூரா ஓரமாப் போகுது" என்றார். உதட்டை ஒட்டி ஊதினேன். முள் பச்சைக்குப் பறந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. மனைவிக்குப் போன் செய்து, நான் சாகவில்லை என்று அறிவித்தேன். "சிலிண்டர்?" என்றாள்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு கருவி வேண்டும். அதற்கு வசதி இல்லாத இடத்தில், ஆரோக்கியமான ஓர் ஆளை வைத்துக்கொள்வார்கள். அந்த ஆள் எப்போது ஊதினாலும் முள் ஒரே இடத்துக்குத்தான் வர வேண்டும். வேறு இடத்தில் நின்றால் கருவியில் கோளாறு. எங்களுக்கு அந்த ஆள் பேராசிரியர். அவர் ஊதினால் நானூறு. மழையோ வெயிலோ, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, நானூறு. அந்தக் கோட்டில்தான் பிளாஸ்திரியை ஒட்டி வைத்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் நானூறுதான். அது அவருக்கும் தெரியும். தாமதமாக வருகிறவனைப் பார்த்து, "நானூறு வந்து அரை மணி நேரமாச்சு, நீ இப்பதான் வர்றியா?" என்பார். எங்களுக்கு அளவுகோலே அவருடைய மூச்சுதான். அப்போது அது வெறும் அலுவலக நடைமுறை.

அந்த மில்லுக்கு நாங்கள் போனது திங்கட்கிழமைகளில். அதற்குக் காரணம் உண்டு. பஞ்சுத் தூசி நெஞ்சில் செய்கிற வேலை, விடுமுறை முடிந்து மறுபடி உள்ளே போகிற முதல் நாளில்தான் அதிகமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நன்றாக இருப்பார்கள். திங்கட்கிழமை ஷிப்ட் முடியும்போது நெஞ்சு இறுகிப்போயிருக்கும். செவ்வாய், புதன் என்று போகப் போகப் பழகிவிடும். பழகிவிடுவதால் யாரும் டாக்டரிடம் போக மாட்டார்கள். வருஷங்கள் கழித்து எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். அப்போது போய்ப் பயனில்லை. அதனால் காலையில் மில் பஸ் வந்து நிற்கும்போது கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு முறை, ஷிப்ட் முடிந்து வரும்போது இன்னொரு முறை ஊதவைத்து இரண்டையும் ஒப்பிடுவார். மாணவர்களுக்கு அங்கேயே, மரத்தடியிலேயே பாடம்.

பஞ்சைச் சிக்கெடுத்து வடமாக்குகிற கார்டிங் பகுதியில் தூசி அதிகம். அங்கே வேலை பார்த்த ஒரு பெண் இருந்தாள். நாங்கள் அவளைக் கார்டிங் அக்கா என்போம். அவள்தான் பேராசிரியரிடம் முதலில் வாய் திறந்தவள். "டாக்டரம்மா, செவ்வா பொதனுக்கெல்லாம் ஒண்ணும் தெரியல. திங்கக்கெழம மட்டும் ஆரோ நெஞ்சுல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குறாக" என்றாள். பின்னால் நின்றவள், "ஒம் மாமியாளா இருக்கும்டி, நல்லாப் பாரு" என்றாள். வரிசையே சிரித்தது. கார்டிங் அக்காவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேராசிரியர் சிரிக்கவில்லை. அவள் முதுகில் கையை வைத்தபடி, இருமல் அடங்கும் வரை நின்றிருந்தார்.

மில் மேலாளர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். மரியாதையானவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. முதல் முறை முடிவுகளைப் பார்த்ததும் மிகவும் பணிவாகச் சொன்னார்: "ஏனுங்க மேடம், எனக்கு இந்த டப்பா மேலதானுங்க டவுட்டு. பிளாஸ்டிக் சாமானுங்க. இத நம்பி மெஷின நிறுத்தச் சொன்னா மொதலாளி என்ன கேப்பாருங்க?" பேராசிரியர், வாய் வைத்து ஊதும் புதிய அட்டைக் குழாய் ஒன்றை டப்பாவில் மாட்டி, மூச்சை இழுத்து, ஊதினார். முள் பிளாஸ்திரியின் மேல் போய் நின்றது. டப்பாவை மேலாளர் முகத்துக்கு நேரே நீட்டினார். "டப்பா சரியாத்தான் இருக்கு. ஒங்க காத்துதான் சரியில்ல." அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. மேலாளர் வருவார், பேராசிரியர் ஊதுவார், நானூறு, மேலாளர் தலையாட்டுவார். கடைசியில் முதலாளியிடம் பேசி அவர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். இன்னும் ஒரு திங்கட்கிழமை எடுத்துப் பார்ப்பது, அப்போதும் இதே மாதிரி வந்தால், மூச்சுக் குறைந்தவர்களைத் தூசி இல்லாத பகுதிக்கு மாற்றுவது, தூசியை உறிஞ்சும் குழாய்களைச் சரிசெய்வது. கார்டிங் அக்காவுக்கும் அவளோடு நின்றவர்களுக்கும் அந்த ஒரு நாளில்தான் எல்லாம் இருந்தது.

அந்த நாளுக்கு முன்னால் நடந்தவற்றை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். பார்த்ததை என்னவாக நினைத்தேன் என்பதுதான் கூத்து. எங்கள் துறை மாடியில். பேராசிரியர் படியேறும்போது நடுத்திருப்பத்தில் நின்று, அங்கே மாட்டியிருந்த அறிவிப்புப் பலகையை வாசிக்க ஆரம்பித்திருந்தார். போன வருஷத்து விளையாட்டு விழா, என்றைக்கோ முடிந்துபோன ரத்ததான முகாம், எல்லாவற்றையும் நிதானமாக வாசிப்பார். பொறுப்பான தலைவர் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பில் அவர் பேசுவது குறைந்து, மாணவர்களையே எழுந்து வாசிக்கச் சொன்னார். நவீன கற்பித்தல் முறை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் துறையில் அவர் ஊதியபோது முள் பிளாஸ்திரிக்குக் கீழே நின்றது. இன்னொரு தடவை ஊதினார், அதே இடம். "ஸ்பிரிங் போயிருச்சு மேடம்" என்றேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா, பழசாச்சுல்ல" என்றார். அவ்வளவுதான். அந்த டப்பா மூலைக்குப் போனது. புதியது வாங்க எழுதிப்போட்டு, அதுவும் வந்தது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்து மூலைக்குக் கொண்டுபோகும் வழியில், யாரும் பார்க்காதபோது நான் அதில் ஒரு தரம் ஊதிப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளிக்கு அதுதானே பொழுதுபோக்கு. எனக்கு எப்போதும் வருகிற எண்ணே வந்தது. கருவி கெட்டிருந்தால் எனக்கு மட்டும் எப்படிச் சரியாக வரும் என்ற கேள்வி எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வந்திருக்கும். எனக்கு வந்த எண்ணம் வேறு: கெட்டுப்போன கருவியிலேயே இவ்வளவு வருகிறதென்றால், நல்ல கருவியில் நான் எவ்வளவு பெரிய ஆள்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடியேறினேன். நடுத்திருப்பத்தில் பேராசிரியர் ரத்ததான முகாமை வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலை நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்னதாகவே மில் பஸ் வந்துவிட்டது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். வழக்கமாக முதலில் பேராசிரியர் ஊதிக் காட்டுவார். அன்று, "நேரமில்ல, மொதல்ல அவங்கள முடிங்க" என்றார். நேரமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். புதிய டப்பாவில் எல்லோரும் ஊதினார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் மறுபடி ஊதினார்கள். காலை எண்ணுக்கும் சாயங்கால எண்ணுக்கும் நடுவே விழுந்த பள்ளம், அவர் இத்தனை மாதமாகச் சொல்லிவந்ததையே சொன்னது. கார்டிங் அக்காவின் முள் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு இறங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்து, "எறங்கிருச்சா? அப்ப மாத்திருவாங்கள்ல?" என்று கேட்டாள். தன் மூச்சு குறைந்ததற்கு ஒருத்தி அப்படிச் சந்தோஷப்பட்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் மேலாளர் வந்தார். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார், எண்களைப் பார்த்தார், சிரித்தார். "மேடம், நம்ம வழக்கத்த மறந்துட்டீங்களேங்க" என்றார். பேராசிரியர் செத்த நேரம் டப்பாவைக் கையில் வைத்திருந்தார். பிறகு அட்டைக் குழாயை மாற்றினார். மூச்சை இழுத்தார். அந்த இழுப்பு எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது, தோள் இரண்டும் காதுக்கு வந்தன. ஊதினார். முள் கொஞ்சம் ஓடி, மஞ்சளிலேயே நின்றுவிட்டது. மறுபடி ஊதினார். அதே இடம். மேலாளர் சத்தமாகக்கூடப் பேசவில்லை. "புதுசுன்னீங்களேங்க மேடம்? நான் அப்பவே சொன்னனுங்க, பிளாஸ்டிக் சாமான்னு."

பேராசிரியர் ஏற்படுத்திய விதிதான் அது. அவருக்கு நானூறு வராத கருவியில் எடுத்த எதுவும் செல்லாது. அவர் பெண்களைப் பார்த்தார். "டப்பா சரியில்ல போலருக்கும்மா. இன்னொரு நா வாரேன்" என்றார். கார்டிங் அக்கா சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தாள். ஜீப்பில் திரும்பி வரும் வழியெல்லாம் நான் டப்பா செய்த கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஏமாற்றுக்காரர்கள், தரமில்லாத சரக்கு, வழக்குப் போட வேண்டும். பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். வறண்ட காடும் சீமைக்கருவேலமும் ஓடிக்கொண்டிருந்தன. திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிகிற இடம் வந்ததும், "கொஞ்சம் பேசாம வா அப்பு" என்றார். அந்த மாதிரி அவர் என்னிடம் சொன்னதே இல்லை. என் முதல் யோசனை, எனக்கு ஏதோ வியாதி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, என்னிடம் சொல்லத் தயங்குகிறார் என்பது. வீட்டுக்குப் போனதும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, "அந்தப் பழைய டப்பாவ எடுத்துட்டு வா" என்றார். நாற்காலிகளுக்கு அடியிலிருந்து தூசி தட்டி எடுத்து வந்தேன். பழையதும் புதியதுமாக இரண்டையும் மேசைமேல் வைத்து, துறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டார். கிளார்க், உதவிப் பேராசிரியர், அலுவலக உதவியாளர் அம்மா, நான். ஒவ்வொருவரும் இரண்டிலும் ஊதினோம். எல்லோருக்கும் அவரவர் வழக்கமான எண்ணே வந்தது, இரண்டிலும் ஒரே மாதிரி. என் முறை வந்தது. ஊதினேன். பச்சை. "ஒனக்கு ஒண்ணும் இல்ல அப்பு. இதோட தெரிஞ்சுக்க, இனிமே எங்கிட்ட கேக்காத" என்றார். பிறகு அவர் பழையதில் ஊதினார். புதியதில் ஊதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன, பிளாஸ்திரிக்கு வெகு கீழே.

"ரெண்டு கருவி ஒரே பொய்யச் சொல்லாது" என்றார். வகுப்பில் சொல்கிற அதே குரல். மாணவர்கள் குறித்துக்கொள்வதற்காகக் கொஞ்சம் இடைவெளி விடுவாரே, அந்த இடைவெளியும் விட்டார்.

எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு மில்லுக்குப் போன் போட்டார். நான் வாசலருகில் நின்றேன். "நேத்து எடுத்த ரீடிங் அம்புட்டும் செல்லும்" என்றார்.

ஸ்பீக்கரில் மேலாளரின் குரல்: "டப்பா சரியில்லேன்னு நீங்கதானுங்க மேடம் சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். டப்பாவுல ஒரு கோளாறும் இல்ல. எனக்குத்தான் மூச்சு கொறஞ்சு போச்சு."

"ஏனுங்க மேடம்... ஒடம்புக்கு என்னங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"அத நான் பாத்துக்கிறேன். நீங்க சொன்னத நீங்க செய்யிங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. "நீ ஏன் அப்பு வெளிறிப் போற? வியாதி எனக்குடா" என்றார்.

மில்லில் சொன்னதில் பாதியைச் செய்தார்கள். கார்டிங் அக்காவையும் இன்னும் சிலரையும் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். உறிஞ்சும் குழாய்களைச் சரிசெய்வது அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று போய், இப்போதும் அடுத்த வருஷத்தில்தான் இருக்கிறது.

பேராசிரியரை மதுரைக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போனவர்களில் நானும் ஒருவன். நுரையீரலின் நுண்ணிய காற்றுக்குழாய்கள் ஒவ்வொன்றாக உள்ளுக்குள் அடைபட்டுக்கொண்டு வருகின்றன என்றார் அங்கிருந்த டாக்டர். பேராசிரியரின் பழைய மாணவர் அவர். மருந்தால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம், அடைபட்டது திறக்காது என்றும் சொன்னார். பேராசிரியர் காரணம் கேட்டார். "தெரியல மேடம்" என்றார் அவர். சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அதன் பின் பல வாரங்கள் பேராசிரியர் தன்னையே விசாரித்தார். சிறுவயதில் வீட்டில் விறகு அடுப்பா? மில் தூசியா? ஆனால் கேட்டுக்கு உள்ளே அவர் போனதே குறைவு. தண்ணீர்த் தொட்டிகளில் குனிந்து குனிந்து முகர்ந்த பிளீச்சிங் பவுடரா? எப்போதோ வந்துபோன காய்ச்சலா? அக்காவைக் கூப்பிட்டு, சின்ன வயதில் தனக்கு என்னென்ன வந்தது என்று துருவினார். ஒவ்வொன்றாக எடுத்து, எடைபோட்டு, தள்ளிவைத்தார். நான் ஒரு நாள் போயிருந்தபோது, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் தரும் இயந்திரம் உர்ரென்று ஓடியது. "கேள்வி தீந்து போச்சு அப்பு" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட எத்தனையோ வார்த்தைகளில் எனக்குத் தாங்க முடியாதது அதுதான்.

என் பங்குக்கு நானும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். மறைக்க நினைத்தும் அவர் கண்டுபிடித்துவிட்டார். "என்ன வந்துச்சு?" "நார்மல் மேடம்." "வருத்தமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் கொடுத்த விலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உதடு நீலமாகி, அக்கா ஓடிவந்து நிமிர்த்திப் பிடித்து, மூச்சு மறுபடி வரிசைக்கு வர நெடுநேரம் ஆனது. அதனால் அடுத்த முறை போனபோது வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். அவர் கையை ஆட்டி அருகில் கூப்பிட்டார். "நீ பேசாம உக்காந்தா எனக்குப் பயமா இருக்குடா. எதாச்சும் ஒளறு" என்றார். உளறினேன். தெருநாய் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, வாயோரம் மட்டும் அசையக் கேட்டார். கரண்ட் போய் இயந்திரம் நின்றால் அக்கா ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிட எழுந்து ஓடுவார். அந்த ஓட்டத்தின்போது மட்டும் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை, பழைய ஊது டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். எடுத்துப் போனேன். அட்டைக் குழாயை அவரே மாட்டினார். ஆக்சிஜனை அகற்றிவிட்டு, உதட்டை நன்றாக ஒட்டி, எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஊதினார். முள் அசைந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும், அசைந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டு, எண்ணைப் பார்த்தார். என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சரியாக் காட்டுது" என்றார். பிளாஸ்திரியின் ஓரம் பெயர்ந்திருந்தது. கட்டைவிரலால் அதை அழுத்தி ஒட்டினார்.

இப்போதும் திங்கட்கிழமைகளில் மில் கேட்டுக்குப் போகிறோம். புதிய தலைவர், புதிய மாணவர்கள், அதே வேப்பமரம், என் இழுப்பறையிலிருந்து எடுத்துப் போகும் அதே பழைய டப்பா. முதலில் ஊதிக் காட்டுகிற ஆள் நான். துறையிலேயே உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஆள் நான்தானாம், பரிசோதித்து முடிவு செய்திருக்கிறார்கள். இத்தனை நோய்களால் இத்தனை முறை செத்தவனுடைய மூச்சை வைத்து வேடசந்தூர்ப் பெண்களின் மூச்சை அளக்கிறார்கள். என் எண் நானூற்றுக்கு மேலே. அங்கே பிளாஸ்திரி ஒட்டவா என்று ஒரு மாணவன் கேட்டான். வேண்டாம் என்றேன். ஏற்கனவே ஒன்று இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் மில் பஸ் வந்துவிட்டது. கார்டிங் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டு எட்டு வைத்து, நின்று, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி நடந்தாள்.

பேராசிரியரின் அடக்கம் முடிந்தபின், இரண்டு டப்பாக்களையும் கம்பெனிக்கு அனுப்பிச் சோதிக்கச் சொன்னேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. திரும்பி வந்தன. ஸ்பிரிங் இரண்டிலும் நன்றாக இருந்தது. ஒருபோதும் தளர்ந்திருக்கவில்லை. அவருக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்து, நின்றுவிட்டது.